எந்த சிமென்ட் என்று கேட்ட மனு

மனித குலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டிய அறிவிப்பு ஒன்று: கடைவாய்ப் பல்லில் கேப் ஒட்டப் பழைய சிமென்ட் உசத்தியா, புது சிமென்ட் உசத்தியா என்னும் மாபெரும் வினாவுக்குக் கொல்கத்தாவின் அரசு பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் விடை நெருங்கிக்கொண்டிருந்தது.

நாற்பது வாய்கள். இருபதில் பழையது, இருபதில் புதியது. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியக் கூடாது. வருஷக் கடைசியில் கேப் ஆடுகிறதா என்று ஆட்டிப் பார்க்கப்போகும் டாக்டர் தீப்திக்கும் தெரியக் கூடாது. பட்டியல் அரக்கு முத்திரையோடு துறைத் தலைவரின் அலமாரியில் கிடந்தது. தீப்தியின் மேல்படிப்பு இந்த ஆராய்ச்சியை நம்பித்தான் இருந்தது.

முப்பத்தொன்பது பேர் கேப் போட்டுக்கொண்டு, மீன் முள்ளைக் கடித்துக்கொண்டு, சும்மா இருந்தார்கள். நாற்பதாவது ஆள், லேக் கார்டன்ஸ் வெங்கடநாராயணன். முப்பத்தாறு வருஷம் மத்திய அரசுத் தணிக்கையில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். சும்மா இருப்பது எப்படி என்று அந்த ஆபீஸில் சொல்லித்தரவில்லை.

“என் வாய், என் பல். உள்ள என்ன இருக்குன்னு நான் கேக்கப்படாதா?” என்றார், மூன்றாம் மாதப் பரிசோதனையில்.

“கேக்கலாம் மாமா. சொல்லத்தான் முடியாது. எனக்கே தெரியாது” என்றாள் தீப்தி. அவளும் தமிழ்தான்.

“டாக்டருக்கே தெரியாதா! பேஷ்.”

“தெரிஞ்சா ஆராய்ச்சி போச்சு மாமா. ஒப்புதல் படிவத்துல நாலாம் பக்கத்துல இருக்கே, படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போட்டேள்?”

“கையெழுத்துப் போட்ட காகிதத்தையெல்லாம் நான் படிச்சிருந்தா, ரிட்டயரே ஆகியிருக்க முடியாது.”

ஆறாம் மாதமும் இதே கேள்வி, ஒன்பதாம் மாதமும் இதே கேள்வி. பத்தாம் மாதம் அவர் கேட்கவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டுவிட்டார். மொத்தம் பதினோரு கேள்விகள். முதலாவது, தன் பல்லில் இருப்பது எந்த சிமென்ட். நான்காவது, அந்த சிமென்ட்டைத் தேர்வு செய்த அதிகாரியின் பெயர், பதவி. ஏழாவது, கோப்பிலுள்ள குறிப்புகளின் நகல்.

கல்லூரியின் தலைமை எழுத்தர் மண்டல் பாபு எதற்கும் அசையாதவர். கூரை ஒழுகினால் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொள்வார். ஆனால் முப்பது நாளில் பதில் போகாவிட்டால் அபராதம் என்ற ஒரு வரி அவரை உலுக்கியது. துறைத் தலைவர் மாநாட்டுக்குப் போயிருந்தார். மண்டல் பாபு அலமாரியைத் திறந்தார், அரக்கை உடைத்தார். ஒரு பெயரை மட்டும் தனியாக எழுதுவது கூடுதல் வேலை என்பதால் முழுப் பட்டியலையும் ஜெராக்ஸ் எடுத்து மனுதாரருக்கு அனுப்பினார். சம்பந்தப்பட்டவருக்கு நகல் போக வேண்டுமல்லவா? தீப்திக்கும் ஒன்று போயிற்று.

உறையைப் பிரித்து ஏழெட்டுப் பெயர்களைப் படித்த பிறகுதான் கையிலிருப்பது என்ன என்று அவளுக்கு உறைத்தது. மாடியிலிருந்து இறங்கி ஓடினாள்.

“மண்டல் பாபு! இதை நான் பார்க்கவே கூடாது!” என்று வங்காளியில் கத்தினாள்.

“தெரியும் மேடம். அதனால்தான் மேலே ‘ரகசியம்’ என்று முத்திரை குத்தியிருக்கிறேன்.”

மாநாட்டிலிருந்து திரும்பிய துறைத் தலைவர் பெருந்தன்மையோடு, “பார்த்ததை மறந்துவிடு” என்றார்.

“மறக்க முடியலையே சார். வாயைத் திறக்கச் சொல்லும்போதே எந்த சிமென்ட்னு மனசுல ஓடுமே.”

கடைசிப் பரிசோதனையிலிருந்து தீப்தி விலகிக்கொண்டாள். பட்டியலைப் பார்க்காத இன்னொரு டாக்டரை ஹவுராவிலிருந்து கெஞ்சிக் கூட்டிவர வேண்டியிருந்தது. அவருக்கு ஒழிந்த நாட்களில், நோயாளிகளை ஒவ்வொருவராகப் போன் போட்டு அழைத்தாள். “பல்லு நல்லாத்தான் இருக்கு, இன்னும் என்ன பார்க்கணும்?” என்று சாந்த்ராகாச்சிக்காரர் ஒருவர் போனை வைத்துவிட்டார். அவர் வீட்டுக்கே போய் அழைத்து வந்தாள். பரீட்சை ஆறு மாதம் தள்ளிப்போயிற்று.

விஷயம் தெரிந்துவிட்டதால் வெங்கடநாராயணனை ஆராய்ச்சியிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. தீப்தி போனில் சொன்னதும் மனுஷர் கொதித்துவிட்டார்.

“என்னை நீக்கினதுக்கு ஆர்டர் காப்பி எங்க?”

“மாமா, உங்களுக்கு என்ன சிமென்ட்னு தெரிஞ்சுடுத்தோல்லியோ? அதானே வேணும்னேள்?”

“அது தெரிஞ்சுடுத்து. ஏழாவது கேள்விக்குத்தான் பதில் திருப்தியா இல்லை. அப்பீல் போட்டிருக்கேன்.”

தீப்தி போனை வைத்தாள். மிச்சமிருந்த முப்பத்தொன்பது பேரின் கணக்கைக் கூட்டி, வகுத்து, ஆய்வேட்டை எழுதி முடித்தாள்.

இரண்டு சிமென்ட்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.