நேர்ந்துவிட்ட சேவலின் தூவி

தேயிலைத் தோட்டத்தில் மரம் சாய்ந்து அழகுமலையின் வலது கால் நொறுங்கிய நாளிலிருந்து பெரிய கங்காணி பெரியமுத்துவுக்கு ஒரே பேச்சுதான்.

"ஊனப்பட்டவனுக்குக் கூலி லயத்துல வீடு கெடையாது. மாசம் முடிஞ்சதும் மலையெறங்கிரு. ஒம் பொண்டாட்டி வேணும்னா கொழுந்தெடுத்துக்கிட்டு இங்கன கெடக்கட்டும்."

நாக்கில் நரம்பில்லாத மனிதர். மலையிறங்கினால் அழகுமலைக்குக் கஞ்சி ஊற்ற ஆளில்லை. அதைவிட, மனைவி முத்துப்பேச்சியைத் தனியே விட்டுப் போக அவனுக்கு மனசில்லை. போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். எப்படிப் போகாமல் இருப்பது என்பதுதான் தெரியவில்லை.

கம்பை ஊன்றிக்கொண்டு தோட்டத்துத் துரையிடமே முறையிடப் போனான். துரை பங்களா வராந்தாவில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துப் போட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு மீன் பைத்தியம். மலை ஆற்றில் சீமை மீனைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அந்த மீனுக்குப் புழு மாட்டினால் துரைமாருக்குக் கௌரவக் குறைச்சல். தூண்டில் முள்ளில் பறவையின் மெல்லிய தூவியைச் சுற்றி ஈ மாதிரி கட்டி, தண்ணீர்மேல் ஆட்டித்தான் பிடிப்பார்கள். சீமையிலிருந்து அந்த டப்பாவில் வந்த பொய் ஈக்களை எல்லாம் மழைக்காலத்துப் பூச்சி அரித்து, முள்தான் மிஞ்சியிருந்தது.

"நான் கட்டித் தாரேன் தொரை," என்றான் அழகுமலை. வாய் முந்திக்கொண்டது.

துரை சிரித்தார். ஆனாலும் ஒரு கைப்பிடி முள்ளும், மாதிரிக்கு அரைகுறையாய் அரிபட்ட ஈ ஒன்றும் கொடுத்தார். மீன் கடித்து, கட்டும் பிரியாமல் இருந்தால் அதுவே உனக்கு வேலை, லயத்து வீடும் உனக்கே என்று சொல்லி அனுப்பினார்.

அழகுமலைக்குத் தைரியம் சும்மா வரவில்லை. மலையேறும் முன், திருநெல்வேலிப் பக்கத்துக் கோயிலில் மாலை கட்டிய பண்டாரக் குடும்பம் அவனுடையது. மல்லிகைக் காம்பு கசங்காமல் முடிச்சுப் போடுகிறவனுக்கு இது என்ன பிரமாதம்? துரை கொடுத்த மாதிரியை ஒருமுறை பார்த்துவிட்டு முந்தானையில் முடியச் சொல்லி முத்துப்பேச்சியிடம் கொடுத்துவிட்டான். லயத்துக்குப் பின்னாலிருந்த வாழையில் நார் கிழித்தான், நனைத்தான், பக்கத்து வீட்டுப் பெட்டைக்கோழியின் இறகை வைத்துக் கட்டினான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. துரை ஆற்றில் வீசினார். நார் தண்ணீரில் ஊறி நெகிழ்ந்தது, இறகு கழன்று மிதந்தது, வெறும் முள் திரும்பி வந்தது.

கரையில் நின்ற கங்காணிக்குக் கொண்டாட்டம். "மீனுக்குப் பூ வச்சு விட்டிருக்கான் தொரை, நம்ம பண்டாரம்!"

அழகுமலைக்கு அவமானத்தில் காது சுட்டது. துரை கோபிக்கவில்லை. சனிக்கிழமை விருந்தாளி வருகிறார், அதற்குள் இன்னொரு தடவை பார் என்றார்.

வீடு வந்ததும் அழகுமலை முதல் வேலையாக அந்த மாதிரியைக் கேட்டு வாங்கினான். ஊசியால் சுற்றுச் சுற்றாகப் பிரித்தான். நூல், மெழுகு பூசிய மெல்லிய பட்டு. தூவி, பெட்டையுடையது இல்லை, சேவலின் கழுத்துத் தூவி. வளைத்து விட்டால் விறைப்பாக நிமிர்ந்தது. முன்னமே பிரித்துப் பார்க்காத தன் புத்தியைத் தானே திட்டிக்கொண்டான்.

கடைவீதித் தையற்காரர் சூசையப்பனிடம் துரைமார் கோட்டுக்குத் தைத்து மிஞ்சிய பட்டு நூலும் ஒரு துண்டுத் தேன்மெழுகும் கிடைத்தன. முள்ளைக் கவ்விப் பிடிக்க மூங்கிலைப் பிளந்து கம்பியால் இறுக்கினான். இனி வேண்டியது தூவி. காட்டுக்கோழி பிடிக்கப் போக இந்தக் காலால் ஆகாது. லயத்துச் சேவல் ஒவ்வொன்றின் கழுத்தையும் தடவிப் பார்த்தான். எல்லாம் துவண்ட தூவி. விறைப்பாக, செம்பு மாதிரி மின்னியது ஒன்றுதான். அது அவன் வீட்டுச் சேவல். அவன் கால் குணமாக வேண்டி முத்துப்பேச்சி கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்டது.

"அதுல கை வைக்காதீக," என்றாள் அவள். "சாமிக்கு முழுசாத்தான் குடுக்கணும்."

அவன் துவண்ட தூவியையே வைத்துக் கட்டினான், வாளித் தண்ணீரில் போட்டான், முழுகியது. பிரித்தான், மறுபடி கட்டினான். விடிய எழுந்து மறுபடி உட்கார்ந்தான். முத்துப்பேச்சி பார்த்துக்கொண்டே இருந்தாள். வேலைக்குக் கிளம்பியவள் கூடையை இறக்கி வைத்தாள். சேவலைப் பிடித்து வந்து மடியில் இடுக்கிக்கொண்டாள்.

"காலு சரியாகணும்னு நேர்ந்தேன். இனி ஆகாது. ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீங்க எங்கூட இருந்தாப் போதும். புடுங்குங்க. சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

அவள் கண் கலங்கியிருந்தது, பிடி தளரவில்லை. கட்டிப் பிரித்துக் கட்டிப் பிரித்து, மனசுக்குத் திருப்தியாக ஒன்று அமைவதற்குள் சேவலின் கழுத்து பாதி மொட்டையாகிவிட்டது.

சனிக்கிழமை அந்த ஈ தண்ணீர்மேல் நின்றது. மீன் கவ்வியது, துள்ளியது, கரைக்கு வந்தது. துரை முள்ளைக் கழற்றி, நூல் கட்டு பிரிகிறதா என்று நகத்தால் நெருடிப் பார்த்தார். பிரியவில்லை. இவன் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடிக்காதே, வீட்டையும் தொடாதே என்று கங்காணியிடம் அங்கேயே சொன்னார். கங்காணி தலையாட்டினார். முகம் மட்டும் இறுகியிருந்தது.

கருப்பசாமிக்குக் கொடைத் திருவிழா வந்தது. நேர்ந்த சேவல்களை வாங்கிச் சாமி முன் நிறுத்துவதும் அதே கங்காணிதான். முத்துப்பேச்சி நீட்டிய சேவலின் கழுத்தைப் பார்த்ததும் அவருக்குக் குரல் ஏறியது.

"ஊனப்பட்டது சாமிக்கு ஆகாது. கொண்டு போ அங்கிட்டு!"

கூட்டம் அவளையே பார்த்தது. முத்துப்பேச்சி கருப்பசாமியைப் பார்த்து, அடுத்த கொடைக்கு வேறு சேவல் தருகிறேன் என்று வாய்விட்டே சொல்லிக் கும்பிட்டாள். பிறகு கங்காணி பக்கம் திரும்பினாள்.

"ஊனப்பட்டதை எல்லாம் வேண்டாம்னே சொல்லுதீக. சரி, எனக்கு வேணும்."

சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பக்கத்தில் கம்பூன்றி நின்ற புருஷனின் தோளை மறு கையால் பிடித்தாள். மூவரும் லயத்தைப் பார்த்து மெல்ல நடந்தார்கள்.