கட்டில் இல்லாத லொட்ஜ்

எங்கள் ஊர்ப் பிரதேச சபைக்கு ஒரு வியாதி. புரியாத எதைக் கண்டாலும், தெரிந்த ஒன்றின் பெயரை அதன் தலையில் கட்டிவிட்டால்தான் அங்கே இருப்பவர்களுக்குத் தூக்கம் வரும்.

என் மாடிக்கும் அப்படித்தான் பெயர் வந்தது. கல்முனைக்குப் போகும் பஸ் பாதையில், ஒரு செருப்புக் கடைக்கு மேலே பகிர்வு அலுவலகம் நடத்துகிறேன். அலுவலகத்தை எங்கள் பக்கம் கந்தோர் என்போம். மேசை, கதிரை, இன்டர்நெட், கரண்ட் போனால் ஜெனரேட்டர். கட்டணம் கட்டிவிட்டு யாரும் வந்திருந்து தங்கள் வேலையைப் பார்க்கலாம். வீட்டில் பிள்ளைகளின் கூச்சலில் வேலை செய்ய முடியாத பெண்களும், கொழும்பு வாடகை கட்டி மாளாமல் திரும்பி வந்த பொடியன்மாரும் வந்தார்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவில் அலுமாரி வரிசை. பள்ளிவாசல் நிர்வாகம்கூட வந்து பார்த்து, குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் பிளேன்ரீ குடித்துவிட்டுப் போனது.

சபையைத்தான் திருப்திப்படுத்த முடியவில்லை. அனுமதிப்பத்திரம் எடுக்கச் சொன்னார்கள். எந்தப் பிரிவில் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் உபகுழுத் தலைவர் ஜவுபர் ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார். சீமெந்து வியாபாரி. சட்டத்தையும் மூட்டைக் கணக்கில்தான் பார்ப்பார்.

"இதென்ன புள்ள முஸ்பிறா, கந்தோரா?"

"ஓம் ஹாஜியார். எல்லாருக்கும் பொதுவான கந்தோர்."

"முதலாளி ஆரு?"

"அவங்கவங்கட வேலைக்கு அவங்கவங்கதான் முதலாளி."

"அப்ப கந்தோரில்ல. ரியூஷன் கிளாஸா?"

"படிப்பிக்க ஆருமில்ல."

"அதுவுமில்ல." கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "ஆம்புளையும் வாறாங்க, பொம்புளையும் வாறாங்க. காசி கட்டி இரிந்திட்டுப் போறாங்க. எங்கட சட்டத்தில இதுக்கு ஒரு பேர்தான் இரிக்கி. லொட்ஜ்."

"அங்க ஒரு கட்டில்கூட இல்ல ஹாஜியார்."

"கட்டில் இல்லாட்டி லொட்ஜ் இல்லெண்டு சட்டத்தில எங்க இரிக்கி?"

பக்கத்திலிருந்த உறுப்பினர்கள் ஏதோ பெரிய ஞானம் பிறந்ததுபோலத் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அனுமதி இல்லாவிட்டால் மாடிக்குப் பூட்டுப் போடுவார்கள். வாங்கிக்கொண்டேன். தங்குவிடுதி என்று எழுதிய பலகையைப் படிக்கட்டின் கீழே, தெருவுக்குத் தெரியத் தொங்கவிட வேண்டும் என்பதும் சட்டமாம்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் பேச வருபவர்கள் நேரே பெண் வீட்டுக்கு வருவதில்லை. முதலில் விசாரிப்பு நடக்கும். முச்சந்திக் கடையில், பக்கத்து வளவில், ஓட்டோ நிற்கும் இடத்தில், அந்தப் பிள்ளை எங்கே போகிறாள், எப்படி வருகிறாள் என்று துருவிக் கேட்பார்கள். லொட்ஜ் படியேறும் பெண்ணைப் பற்றி என்ன பதில் கிடைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பெண்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். நபீலா கண்ணீரோடு லெப்டொப்பைப் பைக்குள் வைத்தாள். லண்டன் கடை ஒன்றுக்குப் படங்கள் வரைந்து கொடுக்கிற பிள்ளை. வீட்டில் அவளுக்கு ஒரு மேசைகூட இல்லை.

"எனக்கு ஒண்டுமில்ல ராத்தா. வாப்பாட்ட ஆரும் கேட்டா அவர் என்ன சொல்ற?"

பொடியன்மார் மட்டும் வழக்கம்போலக் கால்மேல் கால் போட்டுக்கொண்டு இருந்தார்கள். அவர்களைப் பற்றி விசாரிக்க யார் வரப்போகிறார்கள்?

பெண்களில் போகாமல் இருந்தவள் றுஸ்னா ஒருத்திதான். அவுஸ்திரேலியக் கொம்பனி ஒன்றுக்குக் கணக்குப் பார்க்கிறாள். ஜவுபர் ஹாஜியாரின் மகள். கந்தோருக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தாள். எந்தக் கந்தோர் என்று கேட்க ஊரைத் திருத்துகிற மனுசனுக்கு நேரம் கிடைக்கவில்லை. அவளைக் காட்டிக்கொடுக்க எனக்கும் மனம் வரவில்லை.

சாய்ந்தமருதிலிருந்து அவளுக்கு ஒரு இஞ்சினியர் மாப்பிள்ளை பேசினார்கள். விசாரிக்க வந்தவர்கள் செருப்புக் கடையிலும் கேட்டிருக்கிறார்கள். கடைக்காரர் உள்ளதைச் சொல்லி, பலகையையும் காட்டியிருக்கிறார்.

அன்று பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த கையோடு ஹாஜியார் வந்தார். வந்தவர் மேலே ஏறவில்லை. கீழே நின்று ஃபோன் எடுத்தார்.

"கீழ வாங்க புள்ள."

"மேல வாங்களன் ஹாஜியார். கதிரை இரிக்கி."

"நான் எப்பிடி ஏறுற? சனம் பாத்துக்கிட்டு நிக்கிது."

இறங்கிப் போனேன். மனுசனுடைய முகம் வெளுத்திருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை.

"மாப்பிள வீட்டுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. இது லொட்ஜில்ல, கந்தோரெண்டு."

"நான் எப்பிடிச் சொல்ற? சட்டத்தில ஒரு பேர்தான் இரிக்கெண்டு சொன்னது நீங்கதானே."

"புள்ளட வாழ்க்க, முஸ்பிறா."

"நபீலாவும் புள்ளதான் ஹாஜியார்."

சத்தம் கேட்டு றுஸ்னா இறங்கி வந்தாள். "வா மகள், வீட்ட போவம்" என்றார்.

"வேல முடியல்ல வாப்பா. முடிச்சிட்டு வாறன்."

தெருவே பார்த்திருக்க மறுபடியும் படியேறினாள். அவர் முதல் படியில் கால் வைத்தார், தெருவைத் திரும்பிப் பார்த்தார், காலை எடுத்துவிட்டார்.

அடுத்த சபைக் கூட்டத்திலேயே பொதுக் கந்தோர் என்று ஒரு புதுப் பிரிவு பிறந்தது. ஒருவரும் எதிர்த்துக் கதைக்கவில்லை. பலகையைக் கழற்றச் சபையே ஆள் அனுப்பியது. றுஸ்னாவுக்கு அந்த மாப்பிள்ளையே நிச்சயமானார்.

நான் நபீலாவுக்கு ஃபோன் எடுத்து, இனிப் பயமில்லை, வா என்றேன்.

"நல்லம் ராத்தா" என்றாள். "லண்டன்காரர் ரெண்டு கிழமை என்ட படத்துக்குப் பாத்திட்டு வேற ஆள எடுத்திட்டாங்க."