என்னைவிட இருபது வயது மூத்த தமனி

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் என்னுடையது. என் மனைவி ஓர் ஆய்வகத்தில் ரத்தக்குழாய்ச் சுவர்களின் விறைப்பை அளப்பவள். வளரும்போதும் முதுமையிலும் அது எப்படி மாறுகிறது என்பது ஆய்வு. அவள் பட்டியலில் ஆரோக்கியமான, நாற்பத்தேழு வயது ஆண் ஒருவர் குறைந்தார். வீட்டில் அந்த வயதில் ஒருவன் சும்மா கதை எழுதிக்கொண்டிருந்தான்.

2

முதல் தொடக்கம்: 'அவன் கம்பீரமாக ஆய்வகத்துக்குள்...'

வேண்டாம். கழுத்தில் ஒரு கருவி, தொடையிடுக்கில் ஒன்று. கம்பீரத்துக்கு வழியில்லை. துடிப்பு மேலிருந்து கீழே எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பார்கள். சுவர் விறைத்திருந்தால் வேகம் கூடும்.

அவள் திரையை இரண்டு முறை பார்த்தாள். "அறுபத்தேழு வயசு ஆளோட குழாய் மாதிரி இருக்கு."

"மெஷின் கோளாறா இருக்கும்."

"மெஷின் காலையிலேர்ந்து ஒழுங்காத்தான் இருக்கு."

3

[அறிவியல். ஒரே பத்திதான், ஓடிவிடாதீர்கள்.] குழாய்ச் சுவரில் இழுத்தால் மீளும் நாரைச் சின்ன வயதிலேயே உடம்பு போட்டு முடித்துவிடுகிறது. நாம் வளர வளர அது இழுபட்டு நிற்கிறது. இளம் குழாயை வெட்டினால் வெடுக்கென்று சுருங்கும். வயதானால் அந்த நார் நைந்து, முரட்டு நார் ஒன்று சுமையை ஏற்கிறது. வெட்டினாலும் அவ்வளவாகச் சுருங்காது.

"ஜட்டி எலாஸ்டிக் மாதிரி," என்றேன்.

"ஜட்டியை மாத்திக்கலாம்," என்றாள்.

4

முந்தைய வரைவில் என்னை யோக்கியனாக எழுதியிருந்தேன். கதை நகரவே இல்லை. உண்மை இது: எட்டு மாதம் முன்பு மருத்துவர் எனக்கு ரத்த அழுத்த மாத்திரை எழுதிக்கொடுத்தார். மாத்திரை போட்டால் கிழவன் என்று அர்த்தமாகிவிடும் என்று பத்தாம் நாளே நிறுத்தினேன். ஆய்வகப் படிவத்தில் 'உயர் ரத்த அழுத்தம்: இல்லை' என்று நிரப்பினேன்.

சோதனை நடந்த அன்று மாலை, அவள் பாத்திரம் துலக்கும்போது சொன்னேன். (அவள் கத்துவதாக ஒரு பக்கம் எழுதினேன். நல்ல பக்கம். ஆனால் அவள் கத்தவில்லை.)

"ஊர்ல இருக்கறவங்க குழாயெல்லாம் பார்க்கறேன். உங்களோடதை மட்டும் மறைச்சிட்டீங்க," என்றாள். குழாயை மூடாமலே நின்றாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அழுத்தம் ஏறினால் சுவரின் இழுவிசையும் ஏறும் என்று என்னைவிட நன்றாக அறிந்தவள், அன்று எதையும் விளக்கவில்லை. மறுநாள் பட்டியலிலிருந்து என்னை நீக்கினாள்.

5

மூன்று வாரமாக மாத்திரை போடுகிறேன். கதைக்கு இரண்டு முடிவுகள் தயார்: அழுத்தம் இறங்கியது, இறங்கவில்லை. இப்போது அவள் என் இடது கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கிறாள்.

"எழுதாதீங்க. அசைஞ்சா தப்பாக் காட்டும்."

"எழுதறது வலது கை."

"ரெண்டும் ஒரே உடம்புலதான இருக்கு. பேசாம இருங்க."

காற்று இறங்கத் தொடங்கிவிட்டது. முள் ஓடும் முகப்பை அவள் தன் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள். நீங்கள்தான் எட்டிப் பார்க்க வேண்டும். எனக்கு எழுதவும் அனுமதி இல்—