பதிவேட்டில் இல்லாத ஊசிகள்

கட்டிங் மாஸ்டரின் இடது காலிலிருந்து முதல் ஊசி விழுந்தபோது அங்கே இருந்தவர்கள்: தையல் பிரிவு சூப்பர்வைசர், துணி விரிக்கும் பெண்கள் இரண்டு பேர், இஸ்திரிக்காரர், உடைந்த ஊசிகளுக்குப் பதிவேடு வைத்திருக்கும் ஊசி அக்கா. தரையில் விழுந்த சத்தத்தை ஐந்து பேரும் கேட்டார்கள். மாஸ்டர் கேட்கவில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முப்பது அடுக்குத் துணியை வெட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ஆடைத் தொழிற்சாலையில் ஊசி சின்ன விஷயம் இல்லை. ஒரு மெஷினில் ஊசி உடைந்தால் துண்டுகளையெல்லாம் தேடி எடுத்து, மெஷின் நம்பரைப் போட்டுப் பதிவேட்டில் ஒட்ட வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் வேலை நின்றுவிடும். ஏதோ ஒரு குழந்தையின் சட்டைக்குள் அது போய்விடக்கூடாது. மாஸ்டரின் காலிலிருந்து விழுந்ததோ முழு ஊசி. எந்த மெஷினுக்கும் பொருந்தவில்லை, தொட்டால் சுட்டது.

வலி அதற்கு இரண்டு வருடம் முன்பே வந்திருந்தது. டாக்டர் நரம்பு என்றார். எடுத்த படங்களில் ஒன்றும் இல்லை. ஒருநாள் போர்வை நுனி பட்டாலே உயிர் போகும், மறுநாள் அதே கால் நாலு தெரு நடந்து காய்கறி வாங்கி வரும். குளிர்ந்த தண்ணீர் கொதித்தது. மனைவி கத்திரிக்காயை நிறுத்தினாள், பழைய செருப்பைத் தூக்கிப்போட்டாள், தன் அண்ணன் வந்துபோன நாட்களைக்கூடச் சந்தேகப்பட்டாள்.

"நேத்து நல்லாத்தானே நடந்தீங்க?"

"நல்லாத்தான் நடந்தேன்."

"அப்ப இன்னைக்கு என்ன?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இப்படி உக்காந்திருக்கேன்."

ஊசி விழ ஆரம்பித்ததும் மாஸ்டருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். காட்டுவதற்கு ஒன்று கிடைத்துவிட்டது. டாக்டரிடம் போய்த் தட்டில் காலை வைத்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். ஒன்றும் விழவில்லை. வீட்டுக்கு வந்து சிரித்துப் பேசிக்கொண்டிருக்கையில் பதினேழு விழுந்தன, வலியே இல்லாமல். நெருப்பில் நின்றதுபோல் இருந்த வாரத்தில் ஒன்றுகூட இல்லை. தன் கால் தனக்கே சாட்சி சொல்லாதது ஏன் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

தைத்த ஆடைகளை வாங்கும் கம்பெனியிலிருந்து சோதனைக்காரர் வரும் தேதி தெரிந்ததும் சூப்பர்வைசர் அவரைக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், ஒன்னே ஒன்னு சொல்லுங்க. எப்ப விழும்?"

"தெரியாது சார்."

"தெரியாதுன்னு எழுதப் பதிவேட்டுல இடமில்ல. அவர் வர்றதுக்குள்ள ஒரு வழி பண்ணுங்க. இல்லேன்னா வீட்டோட இருந்துக்குங்க."

இருபத்திரண்டு வருடம் அந்த மேஜை முன்னால் நின்றவர். வேறு வேலை தெரியாது.

வழி பண்ணியது ஊசி அக்கா. அவளுக்கு இரக்கமெல்லாம் கிடையாது, பதிவேடு சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். "ஊசி எதுலேருந்து விழுந்தாலும் அது மெஷின்தான் மாஸ்டர். நம்பர் இல்லாததுதான் தப்பு," என்று, கூடத்திலிருந்த நாற்பது மெஷின்களுக்கு அடுத்ததாக இடது காலில் நாற்பத்தொன்று, எதற்கும் இருக்கட்டும் என்று வலது காலில் நாற்பத்திரண்டு என எழுதி ஒட்டினாள். ஸ்டிக்கர் பட்டதும் மாஸ்டர் துள்ளினார். "ஆடாதீங்க. கோணலாப் போகுது."

சோதனைக்காரர் வந்தார். எண் இருந்தது, பக்கம் இருந்தது, ஊசிகள் வரிசையாக ஒட்டியிருந்தன. குனிந்து இரண்டு கால்களையும் பார்த்தவர், எத்தனை வருடப் பழசு என்று மட்டும் கேட்டார். நாற்பத்தெட்டு என்றாள் அக்கா. பழையது, ஓடுகிறது என்று எழுதிக்கொண்டார். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் ஊசி உதிர்க்கும் மெஷின் எதுவும் கூடத்தில் நிற்கக்கூடாது, கெட்டுப்போன மெஷின்களைப் பூட்டிவைக்கும் பழுதறைக்குப் போக வேண்டும் என்பது விதி. வெட்டும் மேஜையை அங்கே நகர்த்தினார்கள். ஒரு ஸ்டூலும் போட்டார்கள்.

வேலை தப்பியது என்று மாஸ்டர் மனைவியிடம் சொன்னார். சொல்லிவிட்டு, தப்பியதா என்று யோசித்தார்.

ஒன்பது வருடமாக அப்படித்தான். காலையில் பழுதறை வாசலில் அக்கா கேட்பாள்: "இன்னைக்கு எப்படி?"

"தெரியலக்கா. இருக்கிற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு."

"சரி, உள்ள போங்க."

நாற்பத்தொன்று முதலில் படி தாண்டும், பிறகு நாற்பத்திரண்டு. அக்கா இரண்டையும் வரவு வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, வெளியே பூட்டுவாள்.