பக்குரங்கா சூனியக்காரி

என்னைச் சூனியக்காரி என்று முதலில் சொன்னவள் ஃபியோனா. அவள் சொன்னபோது எனக்குச் சந்தோஷம். அவள் நான் இருக்கிற பக்குரங்கா பகுதி நாடகக் குழுவின் இயக்குநர், அது நாடகத்தில் முக்கியமான வேஷம். இரண்டாவதாகச் சொன்னவர் எங்கள் கோயிலுக்கு வருகிற ரதிதேவி அக்கா. அதற்கு ஒத்திகையும் இல்லை, கைதட்டலும் இல்லை.

நாடகம் நானூறு வருஷத்துக்கு முந்திய ஸ்கொட்லாந்தில் நடக்கிறது. ஜானெட் என்று ஒரு விதவை. பக்கத்து வீட்டுக்காரி பால் தரமாட்டேன் என்கிறாள். ஜானெட் வாய்க்குள் ஏதோ புறுபுறுத்துக்கொண்டு போகிறாள். அடுத்த நாள் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் பால் வற்றிவிடுகிறது. அவ்வளவுதான், பிடித்துக் கட்டிவிடுகிறார்கள். நித்திரை கொள்ள விடாமல் இருத்தி வைக்கிறார்கள். உடம்பில் வலிக்காத இடம் இருந்தால் அது பிசாசு தொட்ட இடமாம். அதைத் தேட ஒருத்தன் ஊசியோடு வருகிறான். நான் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறவள், நாள் முழுக்க அடுத்தவர் கையில் ஊசி குத்துவதுதான் என் பிழைப்பு. ஆனாலும் ஒத்திகையில் அவன் ஊசியை நீட்டும்போதெல்லாம் நான் ஒரு அடி பின்வாங்கிவிடுவேன்.

ஊசியைவிட மோசம் அவர்கள் கேட்கிற கேள்வி. உன்னோடு கூட இருந்தது யார், பேரைச் சொல், நித்திரை கொள்ள விடுகிறோம் என்கிறார்கள். ஜானெட் கடைசி வரை சொல்வதில்லை. எனக்கு அவள் மேல் எரிச்சலாகவே இருந்தது. யாரையாவது சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று நினைத்தேன்.

இனி ரதி அக்காவின் கதை. அவருடைய மருமகள் கிருசாந்திக்குக் கைப்பிள்ளை. பின்னேரமானால் வீல் வீலென்று கத்தும். டொக்டர் ஒன்றுமில்லை, வளர வளரச் சரியாகும் என்றுவிட்டார். கிருசாந்தியின் தாய் யாழ்ப்பாணத்தில் இருந்ததால், அவளுக்கு எதற்கெடுத்தாலும் கண்மணி அன்ரிதான், அதாவது நான். ஒருநாள் மாமி கோயிலுக்குப் போன நேரம் பார்த்துப் போன் அடித்தாள். பிள்ளைக்குக் கண் பட்டுவிட்டதாம், ஒருக்கால் நாவூறு கழித்துவிடச் சொன்னாள். போனேன். யாருடைய கண் பட்டது என்று கேட்டால் அழுகிறாள். பிறகு மெல்லச் சொன்னாள், மாமியின் கண்தானாம். என்ன வடிவு, என்ன நிறம் என்று மாமி நாள் முழுக்க வாய் ஓயாமல் பிள்ளையைப் புகழ்கிறாராம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நித்திரையில்லாத பெண்ணோடு தர்க்கம் செய்ய முடியுமா? செத்தல் மிளகாய், உப்பு, கடுகு எடுத்தேன். கண் வைத்தவரின் காலடி மண்ணும் வேண்டும். கார்ப்பெட் போட்ட வீட்டில் காலடி மண்ணுக்கு எங்கே போவது? கிருசாந்தி மாமியின் சீப்பிலிருந்து நாலைந்து முடி எடுத்து வந்தாள். எல்லாவற்றையும் சேர்த்துப் பிள்ளையைச் சுற்றிக் கழித்தேன். அதை நெருப்பில் போட்டு வெடிக்கவிட வேண்டும். போட்டால் ஸ்மோக் அலாரம் அலறும், பிள்ளை எழும்பிவிடும். மாமி வரும் நேரமும் ஆகிவிட்டது. அதனால் சீலைத் துண்டில் முடிந்து, கராஜுக்குப் பின்னால் பார்பிகியூ அடுப்பின் கீழே வைத்தேன், அடுத்த நாள் கிருசாந்தி எரித்துவிடட்டும் என்று. அவள் மறந்துபோனாள்.

ரதி அக்கா அதைக் கண்டெடுத்தார். அதுவும் படியில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்ட அதே கிழமை. முடிச்சை அவிழ்த்தால் மிளகாய், உப்பு, தன்னுடைய நரைத்த முடி. நான் அந்தப் பின்னேரம் கராஜ் பக்கம் நின்றதை அவருடைய புருஷன் விநாயகமூர்த்தி கண்டிருக்கிறார். வேறென்ன வேண்டும்? கண்மணி செய்வினை செய்துவிட்டாள் என்று மாசி என்ற பகுதியிலிருந்து எப்சம் வரை, நகரம் முழுக்கத் தமிழர் வீடுகளில் ஒரே கதை. கோயிலில் நான் பரிமாறப் போனால், சாப்பிட்டாயிற்று என்று தட்டைக் கையால் மூடினார்கள். தாய்மார் பிள்ளைகளின் முகத்தைச் சீலைத் தலைப்பால் மறைத்தார்கள். பொய் சொல்வானேன், குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

நாவூறு கழித்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் யார் கூப்பிட்டது, முடியை யார் தந்தது என்று அடுத்த கேள்வி வரும். மாமியின் கண் பட்டதென்று மருமகள் சொன்னது வெளியே வந்தால், அவள் அந்த வீட்டில் எப்படி இருப்பது? போனில் அழுத கிருசாந்தியிடம், நீ வாயைத் திறக்காதே என்று நான்தான் சொன்னேன். ஒரு பேரைச் சொன்னால் என் மானம் திரும்பிவிடும், அந்தப் பேர்தான் வாயில் வரவில்லை. ஜானெட்டை அப்போதுதான் விளங்கிக்கொண்டேன்.

கோயில் தலைவர் சோதிலிங்கம் அண்ணை சமாதானம் பேச வந்தார். வெள்ளிக்கிழமை பூசை முடிய, எல்லார் முன்னாலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றார். சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. திருவிழாவுக்குக்கூட இவ்வளவு சனம் வந்ததில்லை. ரதி அக்கா மாவுக்கட்டுக் கையோடு முன் கதிரையில் இருந்தார். பக்கத்தில் கிருசாந்தி பிள்ளையை அணைத்தபடி, முகம் வெளிறி இருந்தாள். சோதிலிங்கம் அண்ணை கற்பூரத்தைக் கொளுத்தித் தட்டை நீட்டினார். இந்த முடிச்சை நான் கட்டவில்லை என்று சொல்லி அணைக்க வேண்டுமாம்.

“கட்டினது நான்தான்” என்றேன்.

மண்டபம் இரைந்தது. செய்வினை இல்லை, நாவூறு கழித்தது என்று சத்தமாகச் சொன்னேன். ரதி அக்கா எழும்பி நின்று, அப்படியென்றால் தன் தலைமுடியை எடுத்துத் தந்தது யார் என்று கேட்டார். நான் கிருசாந்தியின் பக்கம் திரும்பவில்லை. சோதிலிங்கம் அண்ணை குரலைத் தாழ்த்தினார்.

“பேரைச் சொல்லு தங்கச்சி. எல்லாம் இதோட முடிஞ்சிடும்.”

நானூறு வருஷம் கழித்து அதே கேள்வி வேட்டி கட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. பயமெல்லாம் போய்க் கோபம் வந்தது.

“சொல்லமாட்டன். நான் செய்ததை நான் சொல்லிப்போட்டன். மற்ற ஆக்களை என்ர வாயால இழுக்கமாட்டன். சூனியக்காரி எண்டு சொல்றதெண்டாச் சொல்லிட்டுப் போங்கோ.”

கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. கிருசாந்தி எழும்பி நேரே என்னிடம் வந்தாள். அத்தனை பேரும் பார்க்கப் பிள்ளையை என் கையில் தந்தாள். பிறகு மாமியின் பக்கம் திரும்பினாள்.

“தலைமுடி எடுத்துக் குடுத்தது நான். அன்ரியைக் கூப்பிட்டதும் நான். பிள்ளைக்கு உங்கட கண்தான் பட்டதெண்டு நினைச்சன், மாமி. என்னை வீட்டை விட்டுப் போகச் சொன்னாலும் போறன். இவவை இனி ஒருத்தரும் ஒண்டும் சொல்லக்கூடாது.”

ஐயோ, என் நெஞ்சு நிறைந்ததை எப்படிச் சொல்வேன். ஜானெட்டுக்காக எழும்ப அந்த ஊரில் ஒருத்தியும் இருக்கவில்லை. எனக்கு ஒருத்தி எழும்பினாள். கண்ணீர் வழிந்தது, பிள்ளையை வைத்திருந்ததால் துடைக்கக் கையில்லை.

ரதி அக்கா மருமகளையே பார்த்துக்கொண்டு நின்றார். வெடிக்கப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“கழிச்ச பிறகு அழுகை நிண்டதோ?”

அன்றைக்கே நின்றுவிட்டது என்றாள் கிருசாந்தி. ரதி அக்காவின் முகம் மாறியது. என் பேரப்பிள்ளையில் என் கண்ணே பட்டுவிட்டதே என்று மெல்லச் சொன்னார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னுக்கு வந்து அவரையும் பிடித்துக்கொண்டது. மருமகளை இழுத்துத் தன் பக்கத்தில் இருத்தினார். பிறகு மாவுக்கட்டுக் கையை என் பக்கம் நீட்டி, தனக்கும் ஒருக்கால் கழித்துவிட முடியுமா என்று கேட்டார்.

வேறொருத்தி என்றால் உருகிப்போயிருப்பாள். நான் உருகவில்லை.

“கழிக்கிறன் அக்கா. அதுக்கு முதல், கண்மணி சூனியக்காரி இல்லையெண்டு எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கோ.”

அந்த ஒரு வசனம் ஜானெட்டுக்குக் கிடைக்கவே இல்லை. ரதி அக்கா சொன்னார். கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்றேன். இரண்டாம் தரம் அவர் போட்ட சத்தத்துக்குச் சமையலறையில் நின்றவர்கள் அகப்பையோடு எட்டிப் பார்த்தார்கள்.