துவைக்காத துணி

பெரியவளுக்கு வயிறு எரிந்தது.

குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். துன்பப்படுகிறவர் பக்கத்தில் நிற்பது எப்படி என்று முப்பது பக்கம் எழுதி முதல் மார்க் வாங்கியவள். ஆஸ்பத்திரி நோயாளிகளுக்காக ஜெபிக்கச் சபை அனுப்பிய ஆள் என்று கழுத்தில் அட்டை வேறு. ஒன்பது நாளாக இந்த ஐந்தாம் கட்டிலுக்கு வருகிறாள். பெற்ற குழந்தையை ரெண்டே நாளில் பறிகொடுத்த அந்தப் பெண் அவளுக்குக் காட்டியதெல்லாம் முதுகுதான். ஜெபத்துக்கு ஒரு ஆமென்கூடக் கிடையாது.

இன்றைக்கோ திரைக்கு அந்தப் பக்கம் அதே பெண் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். யாரிடம்? பத்தாங்கிளாஸ் தேறாமல் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் சின்னவளிடம். கூடப்பிறந்த தங்கையிடம்.

"பையன் கொட்டாவி விட்டா மூக்கு சுருங்கும்க்கா."

"ம்."

"அடுத்தது பொறக்கும்னு சொல்றாங்க. இவனை மறந்துடணுமாம்."

"ம்."

பெரியவளுக்குச் சுரீர் என்றது. மூன்றாம் நாள் அப்படிச் சொன்னவள் அவள்தான்.

சின்னவள் அழுக்குத்துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்ததும் மறித்தாள். "என்னடி சொக்குப்பொடி போட்ட?"

"குழந்தையைச் சுத்தியிருந்த துணி சலவைக்கு வந்துச்சு. பால் கக்கின வாசம் அப்படியே இருந்துச்சுக்கா. தண்ணியில போட மனசு வரல. எடுத்து வச்சிருந்து இன்னைக்குக் கொண்டு வந்து குடுத்துட்டேன்."

"துவைக்காமலா? தெரிஞ்சா வேலை போயிடும்டி."

"தெரியும்." வண்டி நகர்ந்தது.

பின்னாலேயே ஹெட் நர்ஸ் வந்தார். "சலவைக்குப் போன துணி ஒண்ணைக் காணோமாம். அஞ்சாம் கட்டில் தலையணைக்கு அடியில எதையோ வச்சிருக்கறதா சொல்றாங்க. நீ பார்த்தியாம்மா?"

பதில் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் தங்கை இந்த வார்டுப் பக்கமே வர மாட்டாள். ஐந்தாம் கட்டில் தனக்கே.

திரை விலகியிருந்தது. அந்தப் பெண் இந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். கை தலையணைக்கு அடியில். ஒன்பது நாளில் முதல்முறையாக அவள் முகத்தைப் பெரியவள் பார்த்தாள். முகம் முழுக்கப் பயம். இந்தப் பயம், அட்டை மாட்டிய தன்னைப் பார்த்து.

"நான்தான் தலையணையைத் தட்டிப் போட்டேன் சிஸ்டர். அங்க ஒண்ணும் இல்ல."

கூசாமல் சொன்ன பொய்யை நம்பி நர்ஸ் போய்விட்டார். பெரியவள் உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். வேதாகமம் பையிலேயே கிடந்தது. சிலுவைக்குக் கீழே நின்ற பெண்கள் எதையும் பேசித் தீர்த்துவிடவில்லை, நின்றார்கள், அவ்வளவுதான். முப்பது பக்கத்தில் இதையும் எழுதித் தொலைத்தவள் அவள்தான்.

ரொம்ப நேரம் கழித்து அந்தப் பெண் வாய் திறந்தாள்.

"அந்தத் துணிக்காரக்கா நாளைக்கு வருவாங்களா?"

ஒன்பது நாள் காத்திருந்து கிடைத்த முதல் பேச்சு இது.

"வருவா," என்றாள் பெரியவள். சொல்லும்போதே எரிந்தது. எரிந்து தொலையட்டும் என்று எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.