மூன்று பங்கு புளிப்பு

பிஸ்கட் ஃபாக்டரியில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்வதில்லை. இருபத்தாறு வருடமாகத் தலைமைச் சுவைப்பாளர். தங்கநாக்கு என்றால் வாசல் காவலாளிக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு, இரண்டாம் மாடியில் அவர் ஒரு பிஸ்கட்டைக் கடித்து, கண்ணை மூடி, புருவத்தை உயர்த்தினால் சரக்கு லாரி ஏறும். உயர்த்தாவிட்டால் ஏறாது. மேனேஜர் உட்பட எல்லாரும் அந்தப் புருவத்தை நம்பித்தான் பிழைப்பு நடத்தினார்கள்.

இப்போது அந்தப் புருவமே பாதி உதிர்ந்துவிட்டது.

புராஸ்டேட்டில் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒரு கீமோ ஊசி, மூன்று முடிந்திருந்தது. ஆபீசில் அவர் சொல்லியிருந்தது முதுகுவலி. முடி போனதை யாரும் கவனிக்கவில்லை. மாவு பறக்கும் இடத்தில் எல்லாரும் காது வரை தொப்பி இழுத்துவிட்டவர்கள்தான். புருவத்தை மனைவி தன் மைப் பென்சிலால் செவ்வாய்தோறும் வரைந்து அனுப்பினாள்.

மாடிப்படிதான் மானத்தை வாங்கியது. முதல் வளைவுக்குள் கால் இரண்டும் நனைந்த சாக்காகிவிடும். நல்லவேளையாக அங்கே ஒரு நோட்டீஸ் போர்டு இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய தீயணைப்புப் பயிற்சி அறிவிப்பை, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, நான்கு நிமிடம் ஆழ்ந்து படிப்பார். பிறகு ஒன்றும் நடக்காதவர் போல ஏறுவார்.

நாக்கு விஷயம் இன்னும் மோசம். எதை வாயில் வைத்தாலும் துருப்பிடித்த சாவியை நக்கிய மாதிரி இருந்தது. மனைவி எஃகுக் கரண்டிகளை ஒளித்துவைத்து மரக் கரண்டி வாங்கினாள். சூட்டோடு வாடை தூக்குகிறது என்று எல்லாவற்றையும் ஆறவைத்தாள். சாப்பிடுமுன் கொப்பளிக்கச் சோடா உப்பு கரைத்த தண்ணீர் வைத்தாள்.

“ரெண்டே ரெண்டு வாய்ங்க. எனக்காக.”

“பின்சுவை சரியில்ல.”

“முன்சுவையே இல்லாதவருக்குப் பின்சுவை எங்கேருந்து வந்துச்சு? இன்னும் எடை எறங்குனா அடுத்த ஊசியைத் தள்ளிப் போடணும்னு டாக்டரம்மா சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா? பேசாம ஆபீஸ்ல சொல்லிட்டு வீட்ல இருங்களேன்.”

“சொன்னா நாக்கு போச்சுன்னு தெரிஞ்சுடும். நாக்கு போயிட்டா நான் யாரு?”

“என் புருஷன்.”

அந்தப் பதவி தனக்குப் போதாது என்பது போல அவர் பார்த்தார்.

எட்டு வாரமாக அவர் வார்த்தையை வைத்தே சமாளித்தார். “நடுவுல ஒரு தயக்கம் இருக்கு” என்பார் ஏதாவது ஒரு பிஸ்கட்டைக் கடித்து. மேனேஜர் பயபக்தியுடன் எழுதிக்கொள்வார்: ‘தயக்கம் – குறைக்கவும்.’ பிஸ்கட்டில் தயக்கத்தை எப்படிக் குறைப்பது என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை. மறுவாரம் அதே பிஸ்கட் வரும். “இப்ப சரி” என்பார்.

அந்தச் செவ்வாயன்று எலுமிச்சைக் க்ரீம் பிஸ்கட். வழக்கம் போலக் கடித்தார், வழக்கமில்லாமல் நின்றார். வாயின் இரண்டு ஓரத்திலும் எச்சில் ஊறியது. துரு இல்லை, சாவி இல்லை. எலுமிச்சை! சாட்சாத் எலுமிச்சை!

கடித்ததோடு நிறுத்துவதே சுவைப்பாளருக்கு அழகு என்று ஊருக்கெல்லாம் உபதேசித்தவர், முழுசையும் தின்றார். இரண்டாவதையும் எடுத்தார்.

“பிரமாதம்” என்றார். “இருபத்தாறு வருஷத்துல இப்படி ஒண்ணு சாப்பிட்டதில்ல.”

மேனேஜர் ஒன்றைக் கடித்தார். அவர் முகம் பிழிந்த துணி போலச் சுருங்கியது. ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

“பிர... பிரமாதம்” என்றார் மற்றக் கண்ணால். “துணிச்சலான புளிப்பு!”

அப்போதுதான் மாவு கலக்கும் பிரிவில் வேலை செய்யும் அக்கா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“சார், லாரியை நிறுத்துங்க! க்ரீம்ல எலுமிச்சை உப்பு ஒரு பங்கு போடறதுக்கு மூணு பங்கு கொட்டிட்டேன். யாரோ பேச்சுக் கொடுத்தாங்க, கை தப்பிடுச்சு.” தட்டிலிருந்து ஒன்றைக் கடித்தாள். “அம்மாடியோ, பல்லு கூசுதே! இதையா பிரமாதம்னீங்க?”

மேனேஜர் கடித்த மிச்சத்தைத் தட்டில் வைத்தார்.

“எனக்கும் லேசா ஒரு தயக்கம் இருக்கத்தான் செஞ்சுது” என்றார் மேனேஜர்.

தங்கநாக்குக்குத் தப்பித்துக்கொள்ள ஒரு வார்த்தை போதும். புதுமை, சோதனை, வெளியூர் ரசனை என்று அவரிடம் வார்த்தைக்கா பஞ்சம்? ஆனால் கால் ஒத்துழைக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைக்க, ஒரு புருவம் அதோடு வந்துவிட்டது.

“நான் பொய் சொல்லலம்மா. எனக்கு நெஜமாவே பிரமாதமா இருந்துச்சு. இது ஒண்ணுதான் தெரிஞ்சுது. எட்டு வாரமா வேற எதுவுமே தெரியல.” பிறகு நோயின் பெயரைச் சொன்னார்.

மேனேஜர் எழுந்து தொண்டையைச் செருமினார். “நமது நிறுவனம் ஒரு குடும்பம். இத்தருணத்தில்...”

“சார், அந்தத் தட்டை இப்படித் தள்ளுங்க” என்றாள் அக்கா. “அண்ணே, வாயில புண்ணு கிண்ணு இருக்கா? இருந்தா புளிப்பு எரியும்.”

இருபத்தாறு வருடத்தில் அங்கே யாரும் அவரை அண்ணன் என்றதில்லை.

“இல்லம்மா.”

“அப்ப சாப்பிடுங்க. வீட்டுக்கு ரெண்டு டப்பா எடுத்து வைக்கிறேன்.”

அந்த வாரம் எடை இறங்கவில்லை. பிஸ்கட்டோடு ஆறிய முட்டையும் தயிரும் கொஞ்சம் உள்ளே போயிருந்தன. நான்காவது ஊசி சொன்ன தேதியிலேயே ஏறியது.

இரண்டு வாரம் கழித்து, புருவம் வரைந்துகொள்ளாமல் ஃபாக்டரிக்கு வந்தார். இனி ருசி பார்ப்பது அக்கா. பிஸ்கட் உடைகிற சத்தத்தைக் கேட்டு வேக்காடு சொல்வது மட்டும் அவர். படி வளைவில், நோட்டீஸ் போர்டுக்கு எதிரே, ஒரு நாற்காலி போட்டிருந்தது.

“யாரும்மா இதைப் போட்டது?”

“நான்தான்” என்றாள் கூட ஏறிவந்த அக்கா. “நீங்க இங்கயே நின்னதை எத்தனை வாரமா கீழேருந்து பாத்தோம்! அப்படி என்னதான் இருக்குன்னு நானும் வந்து படிச்சேண்ணே. தீப்பிடிச்சா படியில ஓடாதே, நிதானமா எறங்குன்னு போட்டிருக்கு.”

“ஆமாம்மா.”

“நீங்க ஏறுறதுக்கே அதைக் கடைப்பிடிச்சிருக்கீங்க.”

அவர் சிரித்தார். மூச்சு வாங்கியது. வாங்கட்டும் என்று விட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார்.